கிராஸ்ஓவர் சோப்ரானோ: கீ, மைக், காகிதம்

ஓபரா அரங்கில் பாடகிக்கு மைக் கிடையாது. அறுபது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசை வரை குரல் தானாகப் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் பத்து வருடப் பயிற்சி. ஓபராப் பயிற்சி பெற்ற குரலில் வெகுஜனப் பாட்டுகளையும் பாடும் கிளாசிக்கல் கிராஸ்ஓவரில் மைக் உண்டு. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் எந்தக் கீயில், அதாவது எந்தச் சுருதியில் பாடுவது, எந்தப் பாட்டை எடுப்பது, எவ்வளவு கமகமின்றி நேராக நிற்பது, யாரிடம் அனுமதி வாங்குவது என்று எல்லாமே இதிலிருந்துதான் பிரிகின்றன. இதை "எளிதான ஓபரா" என்று நினைத்து வருகிறவர்கள் இரண்டாவது வருடத்தில் திணறுகிறார்கள். இது வேறு தொழில். மைக்கைக் கருவியாக வாசிக்கிற தொழில்.

இதன் சந்தை பெரும்பாலும் பிரிட்டனை மையமாகக் கொண்டது. 1990-இல் ரோமில் மூன்று டெனர்கள் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்கள்) சேர்ந்து பாடிய கச்சேரியும், 1992-இல் தொடங்கிய கிளாசிக் எஃப்எம் வானொலியும் திறந்துவிட்ட சந்தை அது. அங்கே நுழைந்தவர்கள் வந்த பாதைகள் ஒன்றுபோல் இல்லை. சாரா பிரைட்மன் நடனக் குழுவிலிருந்து வந்து, 1981-இல் மேடை இசை நாடகத்தில் நுழைந்து, 1986-இல் லண்டனில் "தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா"வின் முதல் நாயகி கிறிஸ்டீன் ஆனவர். வேல்ஸின் கேத்தரின் ஜென்கின்ஸ் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்து 2004-இல் முதல் ஆல்பம் போட்டார். நியூசிலாந்தின் ஹெய்லி வெஸ்டன்ரா கிறைஸ்ட்சர்ச் தெருக்களில் பாடத் தொடங்கியவர். ஷார்லட் சர்ச்சின் முதல் ஆல்பம் 1998-இல் வந்தபோது அவருக்கு வயது 12. ஜென்கின்ஸ் சோப்ரானோ (பெண் குரல்களில் மிக உயர்ந்தது) அல்ல, அதற்கு அடுத்த மெஸ்ஸோ சோப்ரானோ. மைக் இருக்கும் இடத்தில் அந்தக் கொஞ்சம் தாழ்ந்த, கதகதப்பான குரல் சொற்களுக்கு அருமையாக ஒத்துழைக்கும். ஆகவே உச்ச ஸ்தாயி இல்லையே என்று இந்தத் துறையை ஒதுக்க வேண்டாம்.

அடிப்படைப் பயிற்சி

கிளாசிக்கல் அடித்தளம் இல்லாமல் இதில் நீடிக்க முடியாது. வழக்கமான பாதை எட்டு கிரேடு தேர்வுகள். பிரிட்டிஷ் தேர்வு அமைப்புகளான ஏபிஆர்எஸ்எம், ட்ரினிட்டி இரண்டும் சென்னையிலும் தேர்வு நடத்துகின்றன. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடுக்கு மேல் போக ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் தேர்வோ கையில் இருக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பதினாறு வயதில் அவசர அவசரமாகப் படிக்கிறவர்கள் நிறையப் பேர். பிரிட்டிஷ் இசைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் முந்தைய ஆண்டு அக்டோபர் தொடக்கத்திலேயே போக வேண்டும், ஆடிஷன் நவம்பர், டிசம்பரில். மற்றப் பாடங்களுக்கான ஜனவரிக் கெடுவை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்தைத் தொலைக்காதீர்கள்.

நொட்டேஷன் வாசிப்பு கட்டாயம். புதிய அரேஞ்ச்மென்ட் (பாட்டை இசைக்குழுவுக்கு ஏற்ப எழுதிய வடிவம்) நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவு மின்னஞ்சலில் வரும். காதால் கேட்டுப் படித்துக்கொள்ள நேரம் இருக்காது.

கர்நாடக சங்கீதம் படித்த பெண்கள் இதற்கு வரும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் முட்டுகிறார்கள். அவர்களுடைய சுருதி பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டை. தார ஸ்தாயி பஞ்சமம் வரை போனால் மேற்கத்திய கணக்கில் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி-யை அடுத்த டி, டி ஷார்ப்பில் போய் நிற்கும். சோப்ரானோவின் மேல் திருப்பம், அதாவது குரல் தலைக்குரலுக்கு மாறும் இடம், அதற்குச் சற்று மேலே ஈ-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது. பத்து வருடம் பாடியவர்கூட அந்தக் கதவைத் தட்டியதே இருக்காது. மார்புக்குரலை அப்படியே மேலே தள்ளினால் எஃப்பில் உடையும், அல்லது ஜி-யில் கத்தலாகும். தீர்வு மேலிருந்து கீழே வருவது. உயர்ந்த எஃப்பில் மெல்லிய "ஊ" வைத்து, ஐந்து ஸ்வரம் இறங்கி வரும் பயிற்சி, தினமும் பத்து நிமிடம். சத்தம் கூட்டாமல் ஆறு மாதம்.

இன்னொரு பக்கம், தமிழ்க் காதுக்கு இத்தாலிய மொழியில் ஓர் அனுகூலம் உண்டு. "நோனோ" என்றால் ஒன்பதாவது, "நோன்னோ" என்றால் தாத்தா. கனிக்கும் கன்னிக்கும் உள்ள வேறுபாடுதான். ஆங்கிலம் பேசி வளர்ந்த மாணவர்கள் இந்த இரட்டை ஒற்றைப் பிடிக்க மாதக்கணக்காகத் தடுமாறுவார்கள், நமக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பாடும்போது அந்த ஒற்றுக்கான நேரத்தை முன் உயிரிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இத்தாலிய டி (t) எழுத்து நம் "ட" அல்ல, பல்லில் படும் "த". ஃபோர்ட்டே அல்ல, ஃபோர்தே. நாம் சறுக்குவது "ப"வை "ப்ஹ" என்று மூச்சோடு சொல்லும் இடங்களில். ஆங்கிலப் பழக்கத்தில் மூச்சை ஊதி "ப" சொன்னால் மைக் வெடிக்கும்.

கீயைத் தேர்ந்தெடுப்பது

வேலையில் பாதி இங்கேதான் முடிகிறது. ஓபராவில் எழுதிய கீயைப் பொதுவாக மாற்ற மாட்டார்கள். கிராஸ்ஓவரில் மாற்றாமல் இருப்பதுதான் தவறு. காரணம் இயற்பியல். உயிரெழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது வாய்க்குழியின் முதல் இரண்டு அதிர்வு அலைவரிசைகளால். அவற்றில் முதலாவது "ஈ", "ஊ" இரண்டுக்கும் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ், பெண் குரலின் "ஆ"வுக்கு 850-ஐ ஒட்டி. பாடும் ஸ்வரமே அதைவிட மேலே போய்விட்டால் அந்த உயிர் காதில் விழ வழியில்லை. பாடகி தாடையை இறக்கிச் சமாளிப்பார், எல்லா எழுத்தும் "ஆ"வை நோக்கி நகரும். மேல் எஃப், அதாவது சுமார் 700 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சொல் புரியாது, அது உச்சரிப்புக் குறைபாடு அல்ல. கிராஸ்ஓவர் ரசிகருக்குச் சொல் வேண்டும். ஆகவே சரணம் முழுவதும் கீழே இருக்க வேண்டும், உச்சம் மட்டும் மேலே.

செய்முறை இப்படி. முதலில் பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரம், மிக உயர்ந்த ஸ்வரம் இரண்டையும் குறியுங்கள். அதைவிட முக்கியம், பாட்டு அதிக நேரம் எந்த ஐந்து ஸ்வரங்களுக்குள் புழங்குகிறது என்பது. அந்த ஐந்தும் நடு சி-க்குக் கீழ் ஏ-யிலிருந்து மேல் சி வரையிலான எல்லைக்குள் விழ வேண்டும். உச்சம் எஃப்பிலிருந்து ஏ வரை. உயர் சி (1046 ஹெர்ட்ஸ்) ஒரு நிகழ்ச்சியில் ஒருமுறை போதும். இரண்டாவது தடவை பாடும்போது கைதட்டல் குறையும்.

வீட்டில் தொடும் உச்ச ஸ்வரம் மேடை உச்சம் அல்ல. அதிலிருந்து ஒரு முழு ஸ்வரம் இறக்கியதுதான் மேடைக்கு. சோதிக்க, நாள் முழுக்க வேலை பார்த்த பிறகு இரவு ஒன்பது மணிக்கு பாட்டின் கடைசி எட்டு அளவை (தாளத்தின் ஒரு சுற்று ஓர் அளவு) தொடர்ந்து மூன்று முறை பாடுங்கள். மூன்றாவது தடவை முதல் தடவைபோல இருந்தால் அந்தக் கீ உங்களுடையது. பிறகு அரை ஸ்வரம் மேலே, அரை ஸ்வரம் கீழே என மூன்று கீயிலும் ஃபோனில் பதிவு செய்து, பாட்டை முன்பே கேட்டிராத ஒருவரிடம் கொடுத்துச் சொற்களை எழுதச் சொல்லுங்கள். எந்தப் பதிவில் அதிகச் சொல் சரியாக வந்ததோ அதை எடுங்கள். எது "அழகாக" இருந்தது என்று கேட்காதீர்கள், எல்லாரும் உயர்ந்ததையே சொல்வார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. அரை ஸ்வரம் என்பது பாடகிக்கு அரை ஸ்வரம்தான், ஆர்கெஸ்ட்ராவுக்கு அல்ல. வயலின்களின் திறந்த தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. டி மேஜரில் எழுதியதை டி ஃபிளாட்டுக்கு இறக்கினால் அந்தத் தந்திகள் தானாக ஒத்து ஒலிப்பது நின்றுபோய், தந்திப் பகுதி மங்கும். டி-யிலிருந்து இறங்க வேண்டியிருந்தால் சி-க்கே போய்விடுங்கள். கடைசிப் பல்லவியில் ஒரு ஸ்வரம் ஏற்றும் வழக்கம் இருக்கிறதே, அங்கே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கடைசிக் கீயை முதலில் நிச்சயித்து, பிறகு தொடக்கக் கீ. முன்னாலிருந்து போட்டவர்கள் உச்சத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

டெனருடன் பாடும் ஜோடிப் பாட்டில் இன்னொரு சிக்கல். அவர் குரல் ஒரு ஸ்தாயி கீழே. அவருக்கு ஒளிரும் கீ உங்களுக்கு அடித்தொண்டை. நடுவில் கீ மாறும் ஜோடிப் பாடல்கள் பலவற்றில் அந்த மாற்றம் உணர்ச்சிக்காக மட்டும் வந்ததல்ல, இந்தச் சங்கடத்துக்கான பரிகாரம்.

மைக்

குரல் மூலத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். 5 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ.க்கு மைக்கை நகர்த்தினால் 12 டெசிபெல். பயிற்சி பெற்ற சோப்ரானோவின் சரணத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிட அதிகம். ஆகவே கை நகர வேண்டும். சரணம் 5 முதல் 8 செ.மீ., உச்சத்துக்கு 25 முதல் 30. நகர்வு உச்ச ஸ்வரத்துக்கு முந்தைய அசையிலேயே தொடங்கிவிட வேண்டும். ஸ்வரத்தோடு சேர்ந்து நகர்த்தினால் தொடக்கம் வெடித்து வால் காணாமல் போகும். கண்ணாடி முன்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பழகினாலே கை கற்றுக்கொள்ளும்.

மிக அருகில் பாடினால் தாழ்ந்த ஒலி பெருகும். மெல்லிய குரலுக்கு அது உடம்பு கொடுக்கும். ஏற்கெனவே கனமான குரலென்றால் குழம்பிப்போகும், ஒலிப்பதிவாளரிடம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். காதைக் குத்தும் கடுமை 2,500-க்கும் 4,000-க்கும் நடுவில் இருக்கும். அங்கே மூன்று டெசிபெல் குறைத்தால் பெரும்பாலும் போதும்.

ஷூர் எஸ்எம் 58 எங்கும் கிடைக்கும், கீழே விழுந்தாலும் உயிரோடிருக்கும். ஆனால் மேல் அலைவரிசைகளில் துலக்கம் குறைவு. நியூமன் கேஎம்எஸ் 105 போன்ற கண்டென்சர் மைக் குரலின் மேல் நுணுக்கங்களைப் பிடிக்கும், ஆனால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் மிக்ஸரிலிருந்து வர வேண்டும். அது சூப்பர்கார்டியாய்டு வகை. அதற்கு நேர் பின்னால் தரை ஸ்பீக்கரை வைத்தால் வீல் என்று கத்தும். அதன் செவிட்டுப் பக்கம் நேர் பின்னால் இல்லை, பக்கவாட்டில் 120 டிகிரியைத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. எஸ்எம் 58-க்கு நேர் பின்னால்தான் செவிடு. மைக்கை மாற்றிவிட்டு ஸ்பீக்கரை மாற்ற மறப்பதால்தான் பாதி ஊளைச் சத்தம்.

ஒலிச் சோதனையில் முதல் பாட்டின் முதல் வரியைப் பாடாதீர்கள். நிகழ்ச்சியிலேயே பெரிய உச்சத்தின் கடைசி எட்டு அளவுகளை முழுக் குரலில் பாடுங்கள், அதற்கு ஏற்ப கெயின் (மிக்ஸருக்குள் வரும் ஒலியின் அளவு) வைக்கட்டும். மெதுவான வரிக்கு வைத்த கெயினில் உச்சம் வந்தால் ஒலி சிதறும், பதறிப்போன ஒலிப்பதிவாளர் ஃபேடரை இறக்குவார், அடுத்த பாட்டு கேட்காது.

கமகத்துக்கு நேர் எதிரானது ஒன்று இங்கே தேவைப்படும். கிளாசிக்கல் விப்ராட்டோ, அதாவது ஸ்வரத்தின் சீரான நடுக்கம், நொடிக்கு ஐந்து முதல் ஏழு அசைவு. அரங்கில் அது காற்றில் கரைந்துவிடும். மைக்கில் ஒவ்வொரு அசைவும் பெரிதாகும். சரணத்தில் ஸ்வரத்தை நேராகத் தொடங்கி, நீளும்போது மட்டும் அசைவை விடுங்கள். உச்சத்தில் முழுதாக. இதைச் செய்யாதவர்களின் குரல் "பாட்டி காலத்துக் குரல்" என்று ஒதுக்கப்படுகிறது.

ஒரு பாட்டு, கிட்டத்தில்

"ஓ மியோ பாப்பினோ காரோ"வை எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையில் பாடாதவர் அரிது. புச்சினியின் "ஜானி ஸ்கிக்கி"யில் வருவது. 1918 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. இரண்டரை நிமிடம். எழுதிய கீ ஏ ஃபிளாட், நம் கணக்கில் ஐந்தரைக் கட்டை. உச்சம் மேல் ஏ ஃபிளாட், சுமார் 830 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன கணக்குப்படி அங்கே எந்தச் சொல்லும் புரியாது. நல்ல வேளையாக, புரியவேண்டிய அவசியமும் அங்கே இல்லை, ஏனென்றால் ரசிகர் அந்தத் தாவலுக்காகத்தான் காத்திருக்கிறார். எஃப்புக்கு இறக்கிப் பாடுகிறவர்கள் உண்டு. நம் பரிந்துரை ஜி. எஃப்பில் தாவல் எளிதாகிவிடுகிறது, எளிதாகும்போது பரிதாபம் போய்விடுகிறது. ஓபராவில் இதைப் பாடும் பெண் அப்பாவை மிரட்டிக் கெஞ்சுகிறாள். கொஞ்சம் சிரமம் தெரிய வேண்டும்.

இனி காகிதம், அதாவது பதிப்புரிமை. புச்சினி 1924-இல் இறந்தார். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் படைப்பாளி இறந்த பின் 70 ஆண்டு பதிப்புரிமை, எனவே முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பாடல் வரிகளை எழுதிய ஜோவாக்கினோ ஃபொர்சானோ இறந்தது 1970-இல். வரிக்கும் இசைக்கும் சேர்த்து எழுதப்பட்ட படைப்பென்றால் இருவரில் கடைசியாக இறந்தவரிலிருந்து எண்ண வேண்டும் என்பது அங்கே 2013 முதல் விதி. அப்படியானால் 2040 முடிய உரிமை உயிரோடிருக்கிறது. அமெரிக்காவில் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தியாவில் கணக்கு 60 ஆண்டு. பழைய பாட்டு என்று நம்பி லண்டனில் ஆல்பத்தில் சேர்த்துவிட்டு, பிறகு உரிமத் தொகைக் கடிதம் வரும்போது விழிப்பது இந்தப் பாட்டில்தான் அதிகம் நடக்கக்கூடியது. அதே புச்சினியின் "டோஸ்கா" ஓபராவின் ஆரியாக்களுக்கு (தனிப்பாட்டுகளுக்கு) இந்தத் தொல்லை இல்லை. அதன் வரிகளை எழுதிய இருவரும் 1906-லும் 1919-லும் போய்விட்டார்கள்.

உரிமம் மூன்று வகை, மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேடையில் பாட: பிரிட்டனில் பெரும்பாலும் இசைப் படைப்பாளிகளுக்காக உரிமத் தொகை திரட்டும் பிஆர்எஸ் அமைப்பிடம் அரங்கம் வாங்கிய உரிமமே போதும், பாடிய பட்டியலை நீங்கள் கொடுத்தாக வேண்டும். ஓபரா உடையில் நடித்துக்கொண்டு பாடினால் அது நாடக உரிமைக் கணக்கில் போய், பதிப்பாளரிடம் தனியாகக் கேட்க வேண்டிவரும். பதிவு செய்து விற்க: மெக்கானிக்கல் உரிமம். வரியை மாற்ற, மொழிபெயர்க்க: பதிப்பாளரின் எழுத்து அனுமதி, வேறு வழியே இல்லை. அமெரிக்காவின் கட்டாய உரிமத்தில்கூடப் பாட்டின் அடிப்படைத் தன்மையை மாற்ற இடமில்லை. இத்தாலிய மெட்டுக்குத் தமிழ் வரி எழுதி யூடியூபில் போட ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

உரிமைச் சிக்கலில்லாத அடிப்படைச் சரக்கு நிறையவே உண்டு. ஹாண்டலின் "லாஷா கியோ பியாங்கா" (1711), ஷூபர்ட்டின் "ஆவே மரியா" (1825), ஃப்ராங்கின் "பானிஸ் ஆஞ்ஜெலிகஸ்" (1872), ஃபோரேயின் "பியே யேசு". "டேனி பாய்" வரிகளை எழுதியவர் 1929-இல் இறந்தவர், அதுவும் கவலையில்லை. ஆனால் அந்தப் பழைய பாட்டின் புதிய அரேஞ்ச்மென்டுக்கு, அதை எழுதியவருக்கு உரிமை உண்டு. இன்னொருவர் ஆல்பத்திலிருந்து கேட்டு எழுதிக்கொண்டால் மாட்டுவீர்கள்.

டெமோ

மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள். முதலில் எல்லாருக்கும் தெரிந்த இத்தாலியப் பாட்டு. இரண்டாவது, சொற்கள் தெளிவாகக் கேட்கும் ஆங்கிலப் பாட்டு. மூன்றாவது எழுதிய கீயிலேயே ஓர் ஆரியா, பியானோ மட்டும். இந்த மூன்றாவதுதான் நுட்பத்துக்குச் சான்று, வெட்டி ஒட்டாமல் ஒரே எடுப்பில் இருக்க வேண்டும். எதிரொலியை இரண்டு நொடிக்கு மேல் வைத்தால் எதையோ மறைப்பதாக, நிகழ்ச்சிக்கு ஆள் அமர்த்துபவர் நினைப்பார். சுருதி திருத்தும் மென்பொருளை வேகமாக ஓட்டினால் விப்ராட்டோ படிக்கட்டாக உடையும், பழகிய காது இரண்டு நொடியில் கண்டுபிடித்துவிடும்.

தன் விவரத்தில் "ஓபரா பாடகி" என்று எழுதாதீர்கள், ஒரு முழு வேடத்தை மைக் இல்லாமல் மேடையில் பாடியிருந்தால் தவிர. இந்தத் துறையில் மிகப் பழைய சண்டை இதுதான். "கிராஸ்ஓவர் சோப்ரானோ" என்று போட்டால் ஒரு வேலையும் குறையாது.

வேலை எங்கே இருக்கிறது

ஆல்பத்தில் வாழ்க்கை ஓடுவது சிலருக்கு. மற்றவர்களின் வருமானம் நிறுவன விருந்துகள், திருமணங்கள், கோடைக்காலத் திறந்தவெளிக் கச்சேரிகள், போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் நினைவு நிகழ்ச்சிகள், டிசம்பர் கிறிஸ்துமஸ் கச்சேரிகள், கப்பல்கள், விளையாட்டு மைதானங்கள். 2004-இல் டப்ளினில் தொடங்கிய கெல்டிக் வுமன் போன்ற குழுவில் சேர்ந்தால் சொந்த அரேஞ்ச்மென்ட் தேவையில்லை, சம்பளம் சீராக வரும். பதிலுக்கு உங்கள் விப்ராட்டோவை அடுத்தவருடையதோடு இழைக்கத் தெரிய வேண்டும்.

கப்பலில் விருந்தினர் கலைஞராகப் போனால் பெரும்பாலும் 45 நிமிடம் வீதம் இரண்டு நிகழ்ச்சி கேட்பார்கள், பாட்டுத் திரும்ப வரக்கூடாது. அதாவது இருபதுக்கு மேல் பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பேர் குழுவுக்கான தாள்கள், ஒத்திகை ஒரே ஒருமுறை. தாளின் முதல் வரியிலேயே வேகம், கீ, எத்தனை எண்ணிக்கையில் தொடக்கம் என எழுதிவிடுங்கள். திருப்பிப் பாடும் குறிகளைக் குறைத்து, நீளமாகவே எழுதிவிடுவது பாதுகாப்பு. பக்கம் கூடினாலும் யாரும் தொலைய மாட்டார்கள். ட்ராக்குக்கு, அதாவது முன்பே பதிவான பின்னணி இசைக்குப் பாடுகிறீர்கள் என்றால் அதே கோப்பு இரண்டு கருவிகளில் இருக்க வேண்டும், இரண்டும் ஃப்ளைட் மோடில். உச்ச ஸ்வரத்தில் வாட்ஸ்அப் ஒலித்த கதைகள் போதுமான அளவு ஆகிவிட்டன.

மைதானத்தில் தேசிய கீதம் பாடுவது எளிதுபோல் தோன்றும், ஆனால் இந்தத் தொழிலில் மிக ஆபத்தான ஒன்றரை நிமிடம் அது. ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் போகும். கூரையில் நூறு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரல் திரும்பி வர 0.3 நொடி. நிமிடத்துக்கு 76 தாள அடி என்ற வேகத்தில் அது ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதைக் கேட்டு அதற்காகக் காத்திருந்தால் ஒவ்வொரு வரியும் இழுபடும், எழுபதாயிரம் பேர் முன்னால் ஓடிவிடுவார்கள். இரண்டு காதிலும் இன்-இயர் (காதுக்குள் வைக்கும் சிறு ஸ்பீக்கர்) போட்டு, பேண்டையோ தாளத் தட்டையோ மட்டும் கேளுங்கள். கூட்டத்தைக் கேட்க ஒரு காதைக் கழற்றும் பழக்கம் வேண்டாம், அந்தக் காதில் எதிரொலி நுழைந்துவிடும். வயர்லெஸ்ஸை ஒலிச் சோதனையில், நீங்கள் நிற்கப்போகும் அதே புல்லில் நின்று சோதியுங்கள், சுரங்க வாயிலில் நின்று அல்ல. கீ கூட்டத்துக்கு வசதியாக இருக்கட்டும். அலங்காரம் வேண்டாம். கார்டிஃபில் வேல்ஸ் கீதத்தின்போது மொத்த அரங்கமும் பாடும். அங்கே பாடகியின் வேலை கடைசி வரியில் உயர் ஸ்வரம் போடுவதல்ல, எல்லாரையும் சேர்த்து வைப்பது.

ஒப்பந்தம்

ஆல்பம் போடும் நிறுவனம் தரும் முன்பணம் என்பது கடன். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முன்பணம் 20,000 பவுண்டு, ஆர்கெஸ்ட்ராவோடு பதிவுச் செலவு 60,000. இரண்டும் உங்கள் கணக்கில் ஏறும். ஒரு பிரதிக்கு 6 பவுண்டு மொத்த விலையில் 18 சதவீதம் உங்களுக்கென்றால் 1.08 பவுண்டு. சுமார் 74,000 பிரதி விற்ற பிறகுதான் உங்கள் கைக்கு முதல் பென்னி. எனவே முன்பணத்தை உயர்த்தச் சொல்லிச் சண்டையிடுவதைவிட, பதிவுச் செலவுக்கு உச்சவரம்பு கேட்பது புத்திசாலித்தனம்.

ஒன்று உறுதி, நான்கு விருப்பம் என்று வரும் ஆல்பங்களில் விருப்பம் என்பது நிறுவனத்தின் விருப்பம் மட்டுமே. பாட்டுத் தேர்விலும் கீயிலும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு, கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பிரிட்டனில் மியூசிஷியன்ஸ் யூனியன் உறுப்பினர்களுக்கு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும் சேவை உண்டு. கையெழுத்துக்கு முன் அனுப்புங்கள், பின் அல்ல. பாடுபவர் பள்ளிச் சிறுமியென்றால் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் பெற்றாக வேண்டும். அந்த வயதில் வாரத்துக்கு எத்தனை நிகழ்ச்சி என்பதையும் பெற்றோர் ஒப்பந்தத்திலேயே கட்டிப்போட வேண்டும். பதினொன்று முதல் பதினாலு வயதுக்குள் பெண் குரலும் மாறுகிறது, மூச்சுக் கலக்கும். அதை அழுத்திப் பாடி மறைத்தால் பின்னால் விலை கொடுக்க நேரும்.

தொண்டை

விருந்து நிகழ்ச்சிகளில் பாட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். கடைசிச் சாப்பாடு அதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். வயிற்று அமிலம் மேலே வந்தால் நெஞ்செரிச்சல்கூடத் தெரியாமல் குரல்நாண் வீங்கும், காலையில் கீழ் ஸ்வரங்கள் கரகரக்கும். குளிர்பான உறிஞ்சுகுழலை டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று செ.மீ. முக்கி, குமிழி வரும்படி "ஊ" என்று ஏறி இறங்குவது நல்ல சூடேற்றம். பத்து நிமிடம், உடை மாற்றும் அறையில் யாருக்கும் தொந்தரவில்லாமல். குரல் கம்மியபோது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வல்ல, பேசாமலே இருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், குரல்நாண் அசைவை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பியே கேளுங்கள். சாதாரணக் கண்ணாடிப் பரிசோதனையில் சின்ன முடிச்சு தப்பிவிடலாம்.

கோப்புகள்

அரேஞ்சரிடம் வேலை கொடுக்கும்போதே மூன்று கீயில் தாள் கேளுங்கள்: இன்றைய கீ, அதிலிருந்து அரை ஸ்வரம் கீழே, ஒரு முழு ஸ்வரம் கீழே. மென்பொருளில் இருக்கும்போது அது அவருக்கு அரை மணி நேர வேலை, ஹார்ப்பின் பெடல் குறிகளையும் வயலினின் விரல் வசதியையும் ஒருமுறை சரிபார்த்தால் தீர்ந்தது. பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், ஐந்து வருடம் கழித்துச் சளியோடு மேடையேறும் நாளில் அதே வேலைக்கு முழுக்கட்டணம் கேட்பார், அதுவும் அவர் ஃபோனை எடுத்தால். எனவே சிபேலியஸ் அல்லது டோரிகோ (நொட்டேஷன் எழுதும் மென்பொருள்கள்) மூலக் கோப்பும், ட்ராக்கின் தனித்தனிப் பகுதிகளும் உங்கள் கையில் வர வேண்டும் என்பதைக் கட்டண ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.